விற்ற கைக்குப் பங்கில்லையா?



"நாம் குடிப்பதில்லை, விற்கத்தானே செய்கிறோம்?" சிங்கப்பூரில் மளிகைக்கடை நடத்தும் நம்மவருள் சிலர் இப்படிக் கேட்பதுண்டு. அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கடை வைத்த புதிதில் நாமும் இரண்டு வருஷம் பீர் விற்றோம். அப்போது நம் மனம் சொல்லிக்கொண்ட சமாதானங்களை இங்கே தராசில் வைத்துப் பார்க்கிறோம்.

முதலாவது, "லைசென்ஸ் இருக்கிறது" என்பது. 19ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் அபின் விற்கும் உரிமையை அரசாங்கமே குத்தகைக்கு விட்டது. பல வருஷங்களில் அரசாங்க வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அதிலிருந்தே வந்தது. 1910இல் அவ்வியாபாரத்தை அரசாங்கம் தன் கையிலேயே எடுத்துக்கொண்டது. மூட்டை சுமந்தவரும் ரிக்ஷா இழுத்தவரும் உடல்வலி மறக்கப் புகைத்து, அதற்கே அடிமையாகி ஒடுங்கினார்கள். 1946இல் தடை வந்தது. இன்று அதே அபினைப் பேரளவில் கடத்துவோருக்கு மரண தண்டனை உண்டு. சரக்கு மாறவில்லை, சட்டந்தான் மாறியது. லைசென்ஸோடு விற்ற காலத்தில் மட்டும் அது மனிதனைக் கெடுக்காமலா விட்டது?

மதுவிலும் அப்படித்தான். 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்தது. 2015இல் வந்த சட்டம், இரவு 10.30 மணிக்குமேல் கடைகளில் மது விற்கலாகாது என்றது. 10.29க்கு விற்றால் குற்றமில்லை. சட்டம் கடிகாரத்தைப் பார்க்கிறது. மனசாட்சியோ வாங்குகிற ஆளைப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, "வாங்குகிறவர் முஸ்லிமல்லவே" என்பது. கட்டட வேலை பார்த்த தம்பி ஒருவர் நம்மிடம் பற்று வைத்திருந்தார். முதலில் அரிசி, பருப்பு, ஊருக்குப் பேசப் போன் கார்டு. பிறகு பீர் ஏறியது, பருப்பு இறங்கியது. கடைசியில் போன் கார்டும் நின்றது. ஊரிலிருந்த மனைவிக்குத் தெரியுமுன் நம் பற்றுப் புத்தகத்துக்கு அவர் நிலைமை தெரிந்துவிட்டது. அதை எழுதியது நம் கை. அவர் முஸ்லிமல்லர்தான். அவர் பிள்ளையின் பசிக்கு மதம் ஏது?

மூன்றாவது, "நாம் விற்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்" என்பது. வாங்குவார்தான். நாம் நிறுத்தியபின் அந்தத் தம்பி வந்து, "இல்லையா பாய்?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குத்தான் போனார். ஆனால் அது அந்தக் கடைக்காரர் கணக்கு. மறுமையில் நம்மிடம் கேட்கப்படுவது நம் கணக்கு. மதுவின் காரியத்தில் சாபத்துக்குரிய பத்துப் பேரை நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, குடிப்பவனோடு நிறுத்தவில்லை. விற்பவனையும் அதன் கிரயத்தை உண்பவனையும் சேர்த்தே சொன்னார்கள்.

நிறுத்தியதும் பரக்கத்துக் கொட்டியது என்று கதை சொல்லமாட்டோம். சில மாதங்கள் கடை வாடகைக்கே திண்டாடினோம். நஷ்டம் நஷ்டந்தான். ஆனால் வியாபாரிக்கு லாபம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி; அந்த லாபம் யார் வீட்டு அடுப்பிலிருந்து வந்தது என்பது அதற்கும் முந்திய கேள்வி.

பீர் வைத்திருக்கும் சகோதரர்களே, இம்மாதக் கடைசியில் பற்றுப் புத்தகத்தைப் புரட்டும்போது, எந்தப் பக்கத்தில் பருப்பு நின்றது என்று பாருங்கள். வல்ல நாயன் நம் அனைவரின் சம்பாத்தியத்தையும் ஹலாலாக்கி வைப்பானாக. ஆமீன்.