மரையின் வழக்கு

மாணவர்களுடன் நாம் ஹோட்டன் சமவெளிக்குச் சென்றிருந்தபோது ஒருவன் கேட்ட கேள்வி இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. “சேர், மரைகளைக் கொன்றவரின் பெயரை இங்கே நீர்வீழ்ச்சிக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் சுருக்கு வைத்தவரைப் பொலிசார் கொண்டுபோனார்கள். இது என்ன நியாயம்?”

கேள்வி எளிது, விடை எளிதன்று.

1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியால் குத்திக் கொல்வதை வீரவிளையாட்டாகக் கருதினார். அதைப் பெருமையுடன் நூலாகவும் எழுதினார். ஆனால் வேட்டையினும் கொடிது கோடரி. மரைக்குப் பகலில் ஒதுங்கக் காடும், அந்தியில் மேயப் பத்தனைப் புல்வெளியும் அருகருகே வேண்டும். கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைச்சரிவுக் காடுகள் வெட்டப்பட்டன. எஞ்சிய இச்சமவெளியிலும் 1960களில் உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1988இல் இது தேசியப் பூங்காவாயிற்று. எனினும் வெளியிலிருந்து வந்த முட்புதர்கள் புல்லை நெருக்குகின்றன. உல்லாசப் பயணிகள் எறியும் பொலித்தீன் மரையின் வயிற்றை அடைகிறது.

காட்டை அழித்த அதே தோட்ட முதலாளித்துவந்தான் தமிழகத்திலிருந்து நம் முன்னோரைக் கொணர்ந்து லயங்களில் அடைத்தது. மரை தன் நிலத்தை இழந்தது. தொழிலாளிக்கோ நிலமே கொடுக்கப்படவில்லை. லயத்தின் பின்னே அவர் வளர்க்கும் நாலு பாத்தி மரக்கறியைக் காட்டுப்பன்றி கிளறும்போது, கம்பிச் சுருக்கு பிறக்கிறது. அச்சுருக்கு பன்றியென்றும் மரையென்றும் பேதம் பார்ப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அரியதொரு கருஞ்சிறுத்தை சுருக்கில் அகப்பட்டு, சில நாட்களில் மாண்டது.

வறுமை இச்செயலுக்குக் காரணமாகலாம், நியாயமாகாது. கழுத்தில் கம்பி இறுகும் உயிருக்குத் தன்னைக் கொல்பவர் ஏழையா செல்வரா என்பது ஒன்றே. ஆனால் சுருக்கை மட்டும் கண்டு, அதற்குப் பின்னுள்ள நிலமின்மையைக் காணாத சட்டம் பாதி நீதியையே வழங்குகிறது. பயிரிழந்தவருக்கு இழப்பீடும், லயத்தவருக்குச் சொந்த நிலமும், மரைக்குக் குலையாத காடும் ஒருங்கே கோரப்படவேண்டியவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது முதலாளிகளின் பழைய தந்திரம்.

அம்மாணவனுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: பேக்கருக்குக் கிடைத்த புகழ் அநியாயம். அந்த அநியாயத்தைச் சுட்டிச் சுருக்கை நியாயப்படுத்துவதும் அநியாயமே. நிலம் மறுக்கப்படுவதன் துயரத்தை அறிந்த மலையகத்தவரே மரைக்காகவும் முதலிற் குரல் கொடுக்கவேண்டும்.