நோயாளியின் இரகசியமும் அமானிதமே



மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டு ஒரு மாணவர் எழுதும் கட்டுரைக்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். நம் தமிழ்நாட்டில் நீட் மதிப்பெண்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது, கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் படிக்க விரும்பும் பிள்ளைகள், மருத்துவராக ஏன் ஆசைப்படுகிறோம் என்பதைத் தாமே எழுதித் தர வேண்டும். இங்கிலாந்தில் அதற்கு இடைவெளியும் சேர்த்து 4000 எழுத்துதான் அளவு. நம் மேச்சேரிப் பக்கத்திலிருந்தும் இதற்கு முயல்பவர்கள் உண்டு. மருத்துவமனையில் தாம் பார்த்த நோயாளியைப் பற்றி அதில் எழுதலாமா என்று மஸ்அலா கேட்டு வந்ததால்தான் இதை எழுதுகிறேன். கேட்டவர் யார் என்று என்னிடம் கேட்க வேண்டாம்; அதுவும் அமானிதம்.

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அங்குமிங்கும் திரும்பிப் பார்த்தால், 'யாரிடமும் சொல்லாதே' என்று அவர் வாய்விட்டுக் கூறாவிட்டாலும் அச்செய்தி அமானிதமாகி விடுகிறது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நோயாளியைப் பாருங்கள். பெற்ற மகனிடம் சொல்லாததை, வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி டாக்டரிடம் சொல்கிறார். பக்கத்தில் நோட்டுப் புத்தகத்துடன் நிற்கும் மாணவரும் அதைக் கேட்கிறார். டாக்டருக்கு அது அமானிதமென்றால் மாணவருக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு காரியமாக அவர்களை அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. தாயார் உம்மு ஸுலைம் (ரலி) காரணம் கேட்க, அது இரகசியம் என்றார் பிள்ளை. அந்தத் தாய் கோபிக்கவில்லை, துருவிக் கேட்கவுமில்லை; அதை எவரிடமும் சொல்லாதே என்றே புத்தி சொன்னார்கள். பிற்காலத்தில் தம் அன்பு மாணவர் ஸாபித் (ரஹ்) அவர்களிடம்கூட அனஸ் (ரலி) அதைத் திறக்கவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. இன்றைய தாய்மார்கள் இதைச் சற்றுச் சிந்திக்கட்டும்.

"பெயரைப் போடவில்லையே, பிறகென்ன?" என்பார்கள். சிக்கலே இங்குதான் இருக்கிறது. மேச்சேரிச் சந்தையில் ஆடு விற்கிறவர், வயது அறுபது, சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவர், மகன் மேட்டூரில் வேலை பார்க்கிறார் என்று கற்பனையாக ஒருவரை எழுதிப் பாருங்கள். பெயர் எதற்கு? டீக்கடையில் நிற்கும் சிறுவன்கூட வீட்டைக் காட்டி விடுவான்! கட்டுரையைப் படிப்பவர் லண்டனில் இருக்கலாம். ஆனால் அதைத் திருத்திக் கொடுக்கும் ஆசிரியரும், வாட்ஸப்பில் வாங்கிப் பார்க்கும் நண்பரும் இங்கேதானே இருக்கிறார்கள்?

ஹிஜ்ரி 505இல் வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதைத் தெளிவாக்குகிறார்கள். பெயர் சொல்லாமல் 'இன்று நம்மைக் கடந்து சென்ற ஒருவர்' என்று பேசினாலும், கேட்பவருக்கு ஆள் இன்னாரென்று புரிந்துவிட்டால் அது புறம் பேசுதலே, புரியாவிட்டால் குற்றமில்லை. சொன்னது உண்மைதானே என்பதும் சமாதானமாகாது. உண்மையாக இருந்தால்தான் அது கீபத். பொய்யாக இருந்தால் அவதூறு. அமெரிக்காவில் 1996இல் வந்த சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள், நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய 18 விவரங்களைக் கணக்கிட்டு நீக்கச் சொல்கின்றன. மாநிலத்தைவிடச் சிறிய ஊர்ப்பெயரும், ஆண்டு தவிர்த்த தேதியும் அதில் அடக்கம். நம் நாட்டில் 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளும், ஆள் அடையாளம் தெரியும்படி நோயாளியின் விவரத்தையோ படத்தையோ அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கின்றன. இமாமவர்கள் என்றோ சொன்ன அளவுகோல்தான் இது.

மாணவர் எழுத்து என்றதும் நினைவுக்கு வருவது 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, முதுநிலை மாணவி நிர்மலா தம் ஆய்வுக்காகப் பாலியல் தொழிலில் சிக்கியிருந்த பெண்களின் இரத்தத்தைச் சேகரித்தார். வேலூரில் பரிசோதித்ததில் ஆறு பேருக்கு எய்ட்ஸ் கிருமி இருந்தது. இந்நோய் இந்தியாவிலும் உண்டென்று நாடறிந்தது அப்போதுதான். செய்தி சட்டமன்றம் வரை போயிற்று. ஆய்வு செய்தவர்களின் பெயர்கள் ஊரறிந்தவை. அந்த ஆறு பெண்களும் யார் என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஊர் இழிவாகப் பேசும் பெண்களுக்கே அந்தத் திரை உரிமையென்றால், சர்க்கரை நோயாளிக்கு இல்லையா?

நோயாளி மவுத்தாகி விட்டால்? மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் அதன் உடலில் கண்ட குறையை மறைக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். மறைப்பவருக்கு மன்னிப்பு உண்டென்று ஹதீஸில் வந்துள்ளது. உயிருள்ளவரிடமாவது சம்மதம் கேட்கலாம். இறந்தவரிடம் யார் கேட்பது?

சம்மதம் என்றேன். வலியில் படுத்திருப்பவரிடம், டாக்டரோடு நின்றுகொண்டு "எழுதட்டுமா?" என்றால் அவர் எப்படி மறுப்பார்? குணமாகி வீடு சென்றபின், எதற்காக எழுதுகிறோம், யார் படிப்பார்கள் என்பதைத் தமிழில் விளக்கிக் கேட்பதே சம்மதம்.

இரகசியத்தை வெளியிட்டே தீர வேண்டிய நேரங்களும் உண்டு: நீதிமன்றம் கட்டளையிட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ ஊருக்கோ கடும் ஆபத்து இருந்தால், அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொற்றுநோயாக இருந்தால். மேற்சொன்ன விதிகள் இவற்றை ஏற்கின்றன. நம் உலமாக்களும் பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதை ஆகுமாக்கியுள்ளார்கள். கல்லூரியில் இடம் கிடைப்பது இந்த வகையில் சேராது.

ஊரையும் வயதையும் மாற்றி எழுதினால் பொய்யாகாதா என்றும் கேட்கப்பட்டது. மாற்றுவதைவிட விட்டுவிடுவதே மேல். சொல்லாமல் விடுவது பொய்யல்ல. 'வயதான ஒருவர்' என்றால் போதும். மாற்றியே தீர வேண்டுமானால், அடையாளம் மறைக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் ஏமாற்றுதல் நீங்கிவிடும். இல்லாத நோயாளியைப் படைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுததாக எழுதுவதோ வேறு விஷயம். அது பொய்யேதான், அதற்கு மஸ்அலா கேட்க வேண்டியதில்லை. கட்டுரை கேட்பது மாணவரின் உள்ளத்தைப் பற்றி. அந்தக் கட்டிலருகே நின்றபோது தம் மனத்தில் ஓடியதென்ன, எதைக் கற்றுக்கொண்டார் என்பது அவருடைய சொந்தச் சரக்கு. அதை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும், 4000 எழுத்துக்குள்.