அடியில் இருக்கும் நிறம்

போன மாசம் தங்கச்சி கெமிக்கல் பீல் செய்யக் கிளம்பினாள். "அண்ணா, நீயும் வா" என்றாள். கன்னத்தில் பருக் கறை, அதற்குத்தான். எல்லாம் பேசி முடித்து எழும்போது டாக்டரிடம் மெல்லக் கேட்டாள்: "கலர் வருமா?"

"கறை குறையும்மா. உங்க நிறம் உங்க நிறம்தான்" என்றார்.

பீல் என்பது அளவாகக் காயப்படுத்துவது. கரும்பிலும் இருக்கும் கிளைகாலிக் அமிலம், தோலின் மேலடுக்கில் இறந்த செல்களை ஒட்டிவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துகிறது. அவை உதிர, கீழிருந்து புதியவை வருகின்றன. ஆனால் நிறத்தை உண்டாக்கும் மெலனோசைட்டுகள் மேல்தோலின் அடியில் இருக்கின்றன. அவை தரும் மெலனின், செல்லின் உட்கருவுக்குக் குடை மாதிரி நின்று புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. நிறம் மேலே படிந்த அழுக்கு இல்லை, தோல் தினமும் செய்யும் வேலை. அமிலம் அளவு மீறினால் நம்மைப் போன்ற தோல் இன்னும் கருத்துப்போகலாம்.

"என் முகம், என் விருப்பம்" என்பதை மதிக்கிறேன். கறை போகணும்னு நினைப்பது தப்பில்லைன்னா, கலர் வேணும்னு நினைப்பது மட்டும் எப்படித் தப்பு? எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான்: பரு வந்தபோது அவளுக்கு வலித்தது. நிறம் ஒருநாளும் வலித்ததில்லை, அதைப் பற்றிய பேச்சுதான் வலித்தது. பேச்சுக்கு முகத்தில் மருந்து போடுகிறோம்.

1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. வேரியபிளின் பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் மதிப்பு மாறாது என்பது என் தொழிலில் பாலபாடம்.

இதையெல்லாம் அவளிடம் சொல்ல வாயெடுத்தபோதுதான் ஞாபகம் வந்தது. எனக்குப் பெண் தேடிய வருஷம், திருமணத் தளத்தில் 'நிறம்' என்ற இடத்தில் 'ஃபேர்' என்று டிக் செய்தது நான்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. என் தங்கச்சி நிறத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த ஒரு க்ளிக்கில் என் திரைக்கு வராமலே போயிருப்பார்கள்.

பீல் வேண்டாம்னு அவளுக்குச் சொல்வது எனக்குச் சுலபம். அதற்கான விலையை அவள்தானே கொடுக்கணும்? பார்க்கிறவன் அப்படியே இருக்க, பார்க்கப்படுகிறவளுக்கு மட்டும் தன்மானப் பாடம் எடுப்பது நியாயமில்லை.

வெளியே வந்து சன்ஸ்க்ரீன் வாங்கினாள். அந்த டிக் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

தெரியாது.