எது நம்ம காடி?

மோரிஸ் மைனரையும் முதல் புரோட்டோன் சாகாவையும் ஒப்பிடுகிறவர்கள் அழகு, எஞ்சின், விலை என்று பேசுவார்கள். எனக்கு உறுத்துவது வேறு: இரண்டில் எது நம்ம காடி?

மைனர் 1948-இல் இங்கிலாந்தில் பிறந்தது, வெள்ளைக்காரன் காடி. சாகா 1985-இல் வந்த தேசியக் கார். முகப்பில் பிறையும் 14 முனை நட்சத்திரமும். உள்ளே? மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே, எஞ்சினும் அவர்களுடையதே. அதற்காகப் பெருமை பொய்யாகிவிடாது. ஷா ஆலாம் தொழிற்சாலையில் அதை வைத்துத்தான் நம் ஆட்கள் தொழில் கற்றார்கள்.

ஆனால் கற்ற கைக்கு உரிமை உண்டென்றால், உதிரிப்பாகம் கிடைக்காத மைனருக்குத் தானே கடைந்து மாட்டி இன்னும் ஓடவிடுகிற பட்டறைக்காரருக்கும் உண்டுதானே? அவர் எந்தச் சின்னமும் ஒட்டுவதில்லை. கேட்டால், "ஓடுதா இல்லையா பாஸ்?" என்பார். ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால், அவர் கை பட்ட மைனரைச் சொல்வேன்.