சரியான கணக்கு

ப்னோம் பென்னில் எங்களுக்கு முதல் நாள். காலையில் அரண்மனை, வெள்ளி ஓடுகள் பதித்த தரை கொண்ட புத்த கோயில். மாலையில் நதிக்கரை என்று திட்டம். இடையில் இருந்த மூன்று மணி நேரத்தில் டுவோல் ஸ்லெங். ஏழாவது படிக்கும் பெண்ணை அங்கே கூட்டிப்போகத்தான் வேண்டுமா என்று மனைவி கேட்டாள். போகலாம் என்றேன். யோசித்துச் சொன்ன பதில் அல்ல.

பள்ளிக்கூடமாக இருந்த இடம் அது. 1975-லிருந்து 1979 வரை, கெமர் ரூஜ் ஆட்சியில், எஸ்-21 என்ற சிறை. வகுப்பறைகளைச் செங்கல்லாலும் பலகையாலும் தடுத்துக் கொட்டடிகள் ஆக்கியிருக்கிறார்கள். சித்திரவதைக் கருவிகள் முன்னால் நான் அதிக நேரம் நிற்கவில்லை. கொடூரம் எனக்கு அந்நியமானது என்று சொல்லிக்கொண்டு நகர முடிந்தது. என்னை நிறுத்தியவை காகிதங்கள். வந்தவர்களுக்கு எண், புகைப்படம். பிறகு பட்டியல்: பெயர், வயது, செய்த வேலை, வந்த தேதி, கொன்ற தேதி. அந்தக் கட்டங்களைப் புரிந்துகொள்ள மொழி தெரியவேண்டியிருக்கவில்லை. வங்கியில் தினமும் நான் நிரப்புகிற கட்டங்கள்தான்.

பணத்தையே ஒழித்த ஆட்சி அது. மத்திய வங்கிக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தது. ரியெல் நோட்டு மறுபடி புழக்கத்துக்கு வர 1980 ஆயிற்று. என்னைப் போன்றவனுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது என்றுதான் தோன்றும். ஆனால் வங்கியை ஒழித்தவர்களாலும் பேரேடு இல்லாமல் காலம் தள்ள முடியவில்லை. கொல்வதற்கும் வரவு வைக்க வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சிறையை நடத்திய காங் கெக் இயவ், முன்னாள் கணித ஆசிரியர், 2010-ல் தண்டிக்கப்பட்டார். 2012-ல் மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனை ஆயிற்று. குறைந்தது 12,272 பேர் கொல்லப்பட்டார்கள் என்று தீர்ப்பு சொன்னது. அந்த எண்ணுக்கு ஆதாரமாக இருந்தவை சிறையே வைத்திருந்த பட்டியல்கள். ஆகவே குமாஸ்தாவின் துல்லியம் கடைசியில் நீதிக்குத்தான் உதவியது என்று ஆறுதல் கொள்ளலாம். எனக்கு முடியவில்லை. அந்தக் கை எழுதியது சாட்சி சொல்வதற்காக அல்ல. கணக்கு பின்னால் சாட்சியானது ஒரு தற்செயல்.

துல்லியம் ஒழுக்கமா? எங்கள் உலகத்தில் அது ஏறத்தாழ ஒரே ஒழுக்கம். சின்ன வித்தியாசத்துக்காக இரவு வெகுநேரம் உட்கார்ந்து தேடியிருக்கிறோம். ஆனால் கூட்டல் சரியாக இருப்பது, எதைக் கூட்டினோம் என்பது பற்றி எதுவும் சொல்வதில்லை. பத்திகளின் தலைப்பை மறைத்துவிட்டால் எல்லாப் பேரேடும் ஒன்றுதான். எழுதுகிறவனின் பொறுப்பு தலைப்பைப் படிப்பதில் ஆரம்பிக்கிறது.

படித்துவிட்டு மறுத்திருக்க முடியுமா? மறுத்தவன் பெயரும் அதே பட்டியலில் ஏறியிருக்கும். அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் அப்படி ஏறியவர்கள்தான். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மறுத்தால் உயிர் போகாத நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நான் எத்தனை தலைப்புகளைப் படித்திருக்கிறேன்? போன மாதம் நகைக்கடன் ஏலப் பட்டியல் ஒன்றைச் சரிபார்த்தேன். ஒரு பெயரில்கூட எழுத்துப்பிழை இல்லை. ஒரு பெயரும் நினைவிலும் இல்லை. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. கை ஒன்று என்றுதான் சொல்கிறேன்.

வெளியே வரும்போது பெண் கேட்டாள்: "இந்தப் பேரெல்லாம் எழுதினவங்களுக்கு, எதுக்கு எழுதறோம்னு தெரியுமாப்பா?"

"தெரியும்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. நதிக்கரையிலும் அதிகம் பேசவில்லை. இரவு ஓட்டல் அறையில் வழக்கம்போல அன்றைய செலவை எழுதினேன். ஆட்டோ, இளநீர், அரண்மனை டிக்கெட், டுவோல் ஸ்லெங் டிக்கெட் மூன்று. கையிருப்போடு ஒத்துப்பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது.