முழுதாகத் தீராத கடனும் நாணயமும்

கடனைச் சொன்னபடி அடைக்க வழியில்லாமல் போனவர், கடன் கொடுத்த எல்லோரிடமும் ஒரே சமயத்தில் "மாதம் இவ்வளவுதான் முடியும், இத்தனை ஆண்டு கட்டுகிறேன், மீதியை விட்டுவிடுங்கள்" என்று சட்டப்படி கேட்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு வழி இருக்கிறது. தனிநபர் தன்விருப்ப ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம். அங்கே வழக்கில் ஐ.வி.ஏ. 1982இல் வெளிவந்த கார்க் குழு அறிக்கையை ஒட்டி, 1986ஆம் ஆண்டின் நொடிப்புநிலைச் சட்டம் இதைக் கொண்டுவந்தது. இதில் கையெழுத்திடும் முன் மனிதரை ஆட்டிப்படைக்கும் பதற்றத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வாங்கியதில் பாதியை விட்டுவிடச் சொல்வது ஏமாற்று இல்லையா என்பது ஒன்று. ஐந்தாறு ஆண்டு இந்தத் தவணையைக் கட்டித் தாக்குப்பிடிக்க முடியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆனால் அறத்தின் பார்வையில் இரண்டாவதே கனமானது.

நடைமுறை இப்படி. உரிமம் பெற்ற நொடிப்புநிலை வல்லுநர் ஒருவர் கடனாளியின் சம்பளம், வாடகை, சாப்பாட்டுச் செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் கணக்கெடுத்து முன்மொழிவு எழுதுகிறார். கடன் கொடுத்தவர்கள் அதன்மேல் வாக்களிக்கிறார்கள். வாக்களித்தவர்களின் கடன் மதிப்பில் 75 விழுக்காடு ஒப்புக்கொண்டால், எதிர்த்தவரையும் வாக்களிக்காதவரையும் சேர்த்தே அது கட்டுப்படுத்தும். வட்டி நிற்கும், வசூல் தொல்லை நிற்கும். பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு ஆண்டு மாதத் தவணை. அது முடிந்ததும் மீதி தள்ளுபடி. ஈடு வைத்து வாங்கிய கடன், கொடுத்தவர் சம்மதமின்றி இதில் அடங்காது. நீதிமன்ற அபராதம், மாணவர் கடன், குழந்தைப் பராமரிப்புப் பாக்கி ஆகியவையும் அப்படியே நிற்கும். பெற்ற குழந்தைக்குத் தரவேண்டியதைக் கிரெடிட் கார்டு பாக்கியோடு ஒரே வரிசையில் நிறுத்தாமல் விட்டது நல்ல முடிவு. இன்னொரு நுட்பமும் உண்டு. கடனாளிக்கு உறவோ நெருக்கமோ இல்லாத கடன் கொடுத்தவர்களில், மதிப்பின்படி பாதிக்கு மேற்பட்டோர் எதிர்த்தால் முன்மொழிவு செல்லாது. மாமனாரும் மைத்துனரும் பெருந்தொகை கொடுத்திருந்தாலும், அவர்கள் கை தூக்கி அந்நியரின் பணத்தைத் தள்ளுபடி செய்துவிட முடியாது.

இந்த ஏற்பாட்டை எதிர்ப்பவர்களின் வாதத்தை லேசாக ஒதுக்கிவிடக் கூடாது. வாக்கு வாக்குதான் என்கிறார்கள் அவர்கள். பத்தாயிரம் தருவதாகச் சொன்னவர் நாலாயிரம் தந்துவிட்டு நிமிர்ந்து நடந்தால், வயிற்றைக் கட்டி முழுதும் அடைத்தவர் ஏமாளியாகிறார். தள்ளுபடியான தொகையும் எங்கேயோ மறைந்துவிடுவதில்லை. நாளை கடன் வாங்கப்போகும் வேறொருவரின் வட்டியில் ஏறி உட்காருகிறது. இவை பொய்யல்ல. ஆனாலும் வாக்குத் தவறுவதில் குற்றம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இம்மானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் கடனையே எடுத்துக்காட்டாக வைத்தார்: திருப்பித் தர முடியாது என்று தெரிந்துகொண்டே, தருவதாகச் சொல்லி வாங்குகிறவர். எல்லோரும் அப்படிச் செய்யத் தொடங்கினால் வாக்கு என்ற ஒன்றே இருக்காது என்பது அவர் வாதம். அங்கே குற்றம், தெரிந்தே சொன்ன பொய்யில் இருக்கிறது. வேலையில் இருந்தபோது கட்ட முடியும் என்று நம்பி வாங்கி, பிறகு வேலையையோ உடல்நலத்தையோ துணையையோ இழந்தவர் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. ஒரு கார்டின் தவணையை இன்னொரு கார்டில் எடுத்துக் கட்டிய கடைசி மாதங்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் வாங்கியவை, திரும்பத் தர முடியாது என்ற ஐயம் உள்ளே எழுந்த பிறகு வாங்கியவை. அதனாலேயே ஏற்பாட்டைத் தள்ளிப்போடுவதைவிடச் சீக்கிரம் கேட்டுவிடுவது நேர்மையானது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு பொய் வாக்கைக் கேட்கிறது.

வட்டி வாங்கும் பெரிய நிறுவனம், சிலர் கட்டமாட்டார்கள் என்ற கணக்கைச் சேர்த்தே வட்டியை வைக்கிறது. முன்மொழிவைப் படித்து, இது கிடைப்பதே மேல் என்று தீர்மானித்து வாக்களிப்பதும் அதுவே. தன் நன்மையை எடைபோட்டு ஒப்புக்கொண்டவரை ஏமாற்றப்பட்டவர் என்று சொல்வது பொருந்தாது. இதே ஆறுதலைக் குழாய் பழுதுபார்த்துவிட்டுக் கூலிக்குக் காத்திருக்கும் தனி ஆளுக்கு நீட்ட முடியாது. அவர் எந்தக் கணக்கும் சேர்க்கவில்லை. வாக்கெடுப்பில் தோற்றாலும் கட்டுப்பட வேண்டும். ஏற்பாடு முடிந்து பல ஆண்டு கழித்து, கையில் மிச்சம் வந்தபோது அவரைத் தேடிப்போய்க் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. கட்டாயமில்லாத அந்தக் கொடுப்பனவில் கடனாளியின் நாணயம் முழுமையாகத் தெரியும்.

கடன்பட்டவரின் நாணயத்துக்கு ஆங்கில உலகம் வழக்கமாகக் காட்டும் ஆள் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். 1825இன் இறுதியில் லண்டன் பணச்சந்தையில் எழுந்த பீதியில், 1826 ஜனவரியில் அவருடைய பதிப்பாளர் கான்ஸ்டபிள் நிறுவனம் விழுந்தது. ஸ்காட் வெளியே தெரியாமல் பங்காளியாக இருந்த பாலன்டைன் அச்சகமும் அதோடு விழுந்தது. ஒரு லட்சத்து இருபதாயிரம் பவுண்டு அளவுக்குக் கடன் அவர் தலைமேல் வந்தது. அவர் திவால் அறிவிக்கவில்லை. சொத்தையும் இனி எழுதப்போகும் எழுத்தின் வருமானத்தையும் அறங்காவலர்கள் வசம் ஒப்படைத்தார். எடின்பரோவில் குடியிருந்த வீடு விற்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் மனைவி இறந்தார். எழுதுவது நிற்கவில்லை, நெப்போலியனின் வரலாறு ஒன்பது தொகுதிகளாக 1827இல் வந்தது. பக்கவாதம் தாக்கிய பிறகும் எழுதினார். 1832இல் இறந்தபோது கடனில் பெரும்பகுதி தீர்ந்திருந்தது. மீதியை எழுத்துரிமைப் பணம் பின்னர் தீர்த்தது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தன்னை ஸ்காட்டோடு ஒப்பிட்டு வெட்கப்படுகிறவர்கள், அதில் இரண்டைத் தவறவிடுகிறார்கள். ஸ்காட் செய்ததும் கடன் கொடுத்தவர்களோடு செய்துகொண்ட ஏற்பாடுதான். குறித்த நாளில் அவரும் கட்டவில்லை. எழுதாத நாவல்களுக்கு முன்பணம் வாங்கி நிலம் சேர்த்த பழக்கமும் அவருக்கு இருந்தது. கூடவே, உலகம் காசு கொடுத்து வாங்கும் ஒரு பேனா அவர் கையில் இருந்தது. முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்ப்பவரின் கூடுதல் நேர ஊதியம், எவ்வளவு உழைத்தாலும், அப்படிப் பெருகாது. ஸ்காட்டின் உழைப்பைப் போற்றலாம். அதை எல்லோருக்குமான கடமையாக்கினால், முடிந்தவரின் பெருமை முடியாதவரின் குற்றமாகிவிடும்.

உண்மையான அறச்சிக்கல் வேறோரிடத்தில், உறவுக்குள் காத்திருக்கிறது. அக்காளிடம் வாங்கிய கைமாற்று, நண்பர் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் ஆகியவற்றை முதலில் அடைத்துவிட்டு, மிச்சத்தை வங்கிகளோடு பேசிக்கொள்ளலாம் என்று மனம் சொல்லும். வட்டியில்லாமல், பத்திரமில்லாமல் கொடுத்தவருக்கு முதலிடம் தருவது நன்றியுணர்வு; அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆங்கிலேயச் சட்டம் இதை முன்னுரிமைக் கொடுப்பு என்று பெயரிட்டுத் தடுக்கிறது. உறவினருக்கு அப்படிக் கொடுத்திருந்தால், திவால் நிலையில் இரண்டு ஆண்டுவரை பின்னோக்கிப் போய் அதைத் திரும்ப வாங்கவும் வழி வைத்திருக்கிறது. இருப்பது எல்லோருக்கும் போதாது என்றான பிறகு, கையில் உள்ளது எல்லோருக்கும் பொது என்பது அதன் நியாயம். கடுமையாகத் தோன்றினாலும் அந்த நியாயம் சரியானதே. அக்காளுக்கு முழுதும் கொடுத்தால், அந்தப் பணம் கடனாளியின் பையிலிருந்து போவதில்லை; வரிசையில் நிற்கும் மற்றவர்களின் பங்கிலிருந்து போகிறது. அவர்களில் அந்தக் குழாய்க்காரரும் இருக்கலாம். நன்றிக்கடனைப் பிறர் பணத்தில் தீர்ப்பது நன்றியாகாது. அக்காளிடம் உள்ளதைச் சொல்லி, அவர் பெயரையும் பட்டியலில் சேர்ப்பதே நேர்வழி. அதைச் சொல்ல நா எழாமல் போவதும் இயல்பே.

ஜாமீன் போட்டவரின் நிலை இதைவிட மோசம். ஏற்பாடு கடனாளியை விடுவித்தாலும், சேர்ந்து கையெழுத்திட்டவரையும் பொறுப்பேற்றவரையும் விடுவிக்காது. மீதித் தொகைக்கு நிறுவனம் அவரைத் தேடிப்போகும். ஆகவே ஜாமீன்தாரரிடம் முன்கூட்டியே சொல்லாமல் கையெழுத்திடுவதை எந்தப் பதற்றமும் நியாயப்படுத்தாது. சொன்னால் அவரும் சேர்ந்து தன் வழியைத் தேட நேரம் கிடைக்கும்.

வெட்கத்துக்கு வரலாறும் ஒரு காரணம். கடனுக்காகச் சிறையில் அடைப்பதை இங்கிலாந்து பெருமளவில் நிறுத்தியது 1869இல்தான். சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை 1824இல் மார்ஷல்சீ சிறையில் கிடந்தது கடனுக்காகவே. சிறை ஒழிந்தாலும் பதிவேடு இருக்கிறது. ஏற்பாடு செய்துகொண்டவரின் பெயரும் முகவரியும், எவரும் தேடிப் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏறும்; கடன் வரலாற்றில் ஆறு ஆண்டு நிற்கும். புதிதாகக் கடன் கொடுக்கப்போகிறவர் இதை அறிவது நியாயம். ஆர்வத்துக்காக அண்டை வீட்டுக்காரர் தேடிப் பார்ப்பதில் எந்த நியாயமும் இல்லை.

ஐந்தாறு ஆண்டு தாக்குப்பிடிக்க முடியுமா என்ற இரண்டாவது கேள்வியில்தான் கையெழுத்திடுபவரின் பொறுப்பு முழுமையாக இருக்கிறது. குற்றவுணர்வில் தவிப்பவர், கடன் கொடுத்தவர்களைச் சமாதானப்படுத்த, சாப்பாட்டுச் செலவைக் குறைத்து எழுதுவார். பிள்ளையின் காலணியையும் குளிர்காலக் கேஸ் கட்டணத்தையும் விட்டுவிடுவார். கட்டமுடியாத தவணை அப்படித்தான் காகிதத்தில் உருவாகிறது. முதல் கடன் நல்ல நம்பிக்கையில் வாங்கியதாக இருக்கலாம். இந்தத் தவணையோ, முடியாதென்று தெரிந்தே கொடுத்த வாக்கு. கான்ட் சுட்டிய குற்றம் இங்கேதான் நேர்கிறது, அதுவும் திருந்தி வாழ நினைக்கும் மனிதரின் கையால். வருமானத்தை மறைப்பது எவ்வளவு தவறோ, செலவை மறைப்பதும் அவ்வளவு தவறு.

ஆலோசனை சொல்பவரின் பொறுப்பும் இங்கே சேர்கிறது. ஏற்பாட்டை நடத்தும் வல்லுநரின் கட்டணம் கடனாளி கட்டும் தவணையிலிருந்தே கழிகிறது. ஆள் பிடித்துக் கொடுத்துத் தரகு வாங்கிய சில நிறுவனங்கள், பொருத்தமில்லாதவர்களையும் இதில் தள்ளின. அத்தகைய தரகுப் பணத்தைப் பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் 2023இல் தடைசெய்தது. ஒன்றுமில்லாதவருக்கு வேறு வழி இருக்கிறது: கடன் 50,000 பவுண்டுக்குள் இருந்து, சொத்தும் மாத மிச்சமும் மிகக் குறைவாக இருந்தால், கடன் நிவாரண ஆணையில் 12 மாதத்தில் விடுபடலாம், 2024 முதல் அதற்குக் கட்டணமும் இல்லை. திவாலிலும் வழக்கமாக ஓராண்டில் விடுதலை உண்டு. முடிவெடுக்க 60 நாள் மூச்சு விடும் அவகாசத்தை 2021 முதல் சட்டமே தருகிறது. ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற அமைப்புகள் இவற்றையெல்லாம் இலவசமாக விளக்குகின்றன. இதில் ஓராண்டில் விடுபடக்கூடியவரை ஆறாண்டு கட்டவைப்பவர் செய்வது, பதற்றத்தைப் பயன்படுத்திய சுரண்டல்.

இந்தியாவிலும் 2016ஆம் ஆண்டு நொடிப்பு, திவால் சட்டத்தொகுப்பு ஏறக்குறைய இதே வடிவில் தவணைத் திட்டமொன்றை எழுதி வைத்திருக்கிறது. கடன் மதிப்பில் நாலில் மூன்று பங்குக்கு மேல் சம்மதம் வேண்டும். 2019 டிசம்பர் முதல் அது நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கே நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு 1909, 1920ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்கள்தான். அதனால் சாதாரணக் கடனாளி ஒவ்வொரு வங்கியோடும் தனித்தனியே 'செட்டில்மென்ட்' பேசுகிறார். அதிகம் மிரட்டியவருக்கு முதலில் பணம் போகிறது. எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் ஏற்பாட்டின் அறப் பயன், அது இல்லாத இடத்தில் நன்றாகத் தெரிகிறது.

நேர்மையாகக் கணக்கு எழுதியும் ஏற்பாடு முறியலாம். நடுவில் வேலை போனால், ஏற்பாட்டை நடத்தும் வல்லுநர் வழியாகத் தவணைக்கு இடைவெளி கேட்கலாம். தொகையைக் குறைக்கும் திருத்தத்துக்குக் கடன் கொடுத்தவர்களின் வாக்கை மறுபடியும் கேட்கலாம். அவர்கள் மறுத்து ஏற்பாடு விழுந்தால், கட்டியதில் கட்டணம் போக எஞ்சியது கழிக்கப்பட்டு, மீதிக் கடன் திரும்ப உயிர்பெறும். அப்போதும் திவாலும், தகுதியிருந்தால் நிவாரண ஆணையும் திறந்தே இருக்கின்றன. அந்த நிலைக்கு வந்தவரை வாக்குத் தவறியவர் என்று சொல்ல, தான் அறிந்ததை அவர் மறைத்தாரா என்பதொன்றே அளவு.