சொல்லாமல் விட்டது

பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டிய எஸ்.யூ.வி. வண்டியை விற்றுவிட நினைத்தேன். முதுமை மனிதனுக்கு மட்டுமா? முந்தைய ஆண்டு சஸ்பென்ஷன் புஷ்கள். சென்ற ஆண்டு கிளட்ச் தட்டு. இப்போதோ, வெளியே ஒழுகாமலே ரேடியேட்டரில் நீர் குறைகிறது. புகை வெள்ளையாக வருகிறது.

"ஹெட் காஸ்கெட் போய்விட்டது. எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்றார் மெக்கானிக். பிறகு குரலைத் தணித்து, "தண்ணீரை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள் சார். வாங்குகிறவர் கேட்டால் அல்லவா சொல்ல வேண்டும்?" என்றார்.

கேட்காதவரிடம் பேசாமல் இருப்பது பொய்யாகாது என்று என் மனமும் வாதாடியது. சட்டமும் ஏறக்குறைய அதன் பக்கந்தான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. உடற்குறை உள்ள குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான். குறை தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. ஆனால், அடுத்த எடுத்துக்காட்டு என்னைத் தடுத்து நிறுத்தியது. வாங்குகிறவள் அப்போதுதான் உரிய வயதை அடைந்த அவனுடைய மகள் என்றால், சொல்லவேண்டியது அவன் கடமை!

குதிரை ஒன்றுதான், குறையும் ஒன்றுதான். மாறியது உறவு மட்டுமே. அப்படியானால், உண்மை என்பது உறவினர்க்கு மட்டும் தரும் சலுகையா? மலைச்சாலையில் எஞ்சின் கொதித்து வண்டி நிற்கும்போது, உள்ளே இருப்பதும் யாரோ ஒருவருடைய மகள்தானே?

வாங்க வந்த இளைஞரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழுதுபார்க்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசினார். நட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பணம் என்றுமே என்னுடையது அன்று என்பது பிறகுதான் விளங்கியது.